ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்குப் பத்து அர்த்தம் இருந்தால் பிள்ளைக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது?

கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியத்தில் ஏழாவது படிக்கும் மகனுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். ‘ஃபேர்’ என்றால் ‘நியாயமான’ என்று எழுதி எழுதி மனப்பாடம் செய்திருக்கிறான். கதையில் பிள்ளைகள் ‘ஃபேர்’ போய் ராட்டினம் ஏறினார்கள் என்று வந்ததும், நியாயத்துக்குப் போய் எப்படி ராட்டினம் ஏறுவது என்று உங்களிடம் வந்து நின்றிருக்கிறான். நீங்கள் அகராதியைப் பிரித்தால் அங்கே பத்துப் பன்னிரண்டு அர்த்தம். இந்த மாதிரி வார்த்தைகளுக்கு எளிய அர்த்தப் பட்டியல் யாரிடமாவது இருக்கிறதா, எந்த அகராதி வாங்கலாம் என்று கேட்கிறீர்கள். பட்டியல் என்று கேட்டாலும், இந்த வரியில் இந்த வார்த்தைக்கு எது பொருள் என்று பையன் தானே கண்டுபிடிக்க ஒரு வழியும், அதை அவனுக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்ல உங்களுக்கு ஒரு முறையும் வேண்டும் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு வருஷக்கணக்கில் இங்கிலீஷ் எடுத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். மொழியியல் படித்தவன் இல்லை, அதனால் சொற்களின் பூர்வீகம் பற்றி நல்ல அகராதிகள் ஒத்துச் சொல்வதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் பட்டியல் விஷயத்தை முடித்துவிடலாம். அது முடிகிற காரியம் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘செட்’ என்ற ஒரு வினைச்சொல்லுக்கு மட்டும் சுமார் 430 பொருள்கள் கொடுத்திருந்தார்கள், பிறகு ‘ரன்’ என்ற வினைச்சொல்லைத் திருத்தி எழுதியபோது அது 645க்குப் போய்விட்டது. பயப்பட வேண்டாம், இங்கிலீஷ்காரர்களே அத்தனையையும் தெரிந்து வைத்திருப்பதில்லை. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆசிரியர் அந்தக் கால வங்காளத்தில், டாக்காவில், நம் பிள்ளைகளைப் போலவே வேறு தாய்மொழி பேசிய பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர். 1953இல் சுமார் 2000 வார்த்தைகள் கொண்ட ஒரு பட்டியலைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு வார்த்தைக்கும் அதன் எந்த அர்த்தம் எத்தனை சதவீதம் வருகிறது என்று போட்டிருந்ததுதான் அதில் விசேஷம். பத்து அர்த்தம் இருக்கிற வார்த்தையிலும் ஒன்றிரண்டுதான் அடிக்கடி தலைகாட்டும், மற்றவை எப்போதாவது வரும். ஏழாம் வகுப்புக்கு அந்த ஒன்றிரண்டு போதும், மீதி எதிர்ப்படும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது, ஒரு சொல்லுக்குப் பல பொருள் என்பது இங்கிலீஷின் கோளாறு என்ற எண்ணம் பிள்ளையின் மனதில் இருந்தால் அதை முதலில் எடுத்துவிட வேண்டும். நான் வகுப்பில் ‘படி’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, என்ன அர்த்தம் என்று கேட்பேன். பாடம் படி என்பான் ஒருவன், வாசல்படி என்பாள் ஒருத்தி, அப்புறம் ஒரு படி அரிசி, பயணப்படி, பத்திரத்தின் படி, சொன்னபடி கேள் என்று வரிசையாக வரும். இதில் எதையும் அவர்கள் மனப்பாடம் செய்ததில்லை, பக்கத்தில் அரிசி இருந்தால் அளவு, வாசல் இருந்தால் கல் என்று காது தானே பிரித்துக்கொள்கிறது. நம் எல்லைப் பிள்ளைகளுக்கு இன்னொரு பலமும் உண்டு. வீட்டில் ‘அவசரம்’ என்றால் சீக்கிரம் போக வேண்டும். பள்ளியில் மலையாளம் பேசும் கூட்டாளி ‘அவசரம்’ என்றால் வாய்ப்பு. ஆந்திராவிலும் ஒரு சித்தூர் இருக்கிறதே, அங்கே தெலுங்கில் ‘அவசரம்’ என்றால் தேவை. ‘வெள்ளம்’ வேண்டுமா என்று டீக்கடைச் சேட்டன் கேட்டால் உங்கள் பையன் ஆற்றில் பெருக்கு வந்துவிட்டது என்று ஓடுவதில்லை, தண்ணீரை வாங்கிக் குடிக்கிறான். யார் பேசுகிறார்கள், எங்கே பேசுகிறார்கள் என்று பார்த்துப் பொருள் எடுக்கும் இந்தப் பழக்கம் அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது. இங்கிலீஷ் புத்தகத்தைத் திறந்ததும் அதை மூடி வைத்துவிடுகிறான், அவ்வளவுதான்.

சரி, ‘ஃபேர்’ என்ற வார்த்தைக்கே வருவோம். ஒரே எழுத்துக்கூட்டலில் அங்கே இரண்டு தனித்தனி வார்த்தைகள் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று பழைய இங்கிலீஷில் அழகு என்ற பொருளில் இருந்தது. அழகு, வெளிர் நிறம், கறை இல்லாதது, பிறகு ஒருபக்கம் சாயாதது என்று அது வளர்ந்திருக்கிறது. ரேஷன் கடைப் பலகையில் ‘ஃபேர் பிரைஸ் ஷாப்’ என்று இருப்பதும், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதும் ‘ஃபேர் காப்பி’யும், சிவப்பாக இருப்பவரை ‘ஃபேர்’ என்பதும் இந்த ஒரு வார்த்தைதான். இன்னொரு ‘ஃபேர்’ லத்தீனில் விடுமுறை, திருநாள் என்ற பொருள் தரும் சொல்லில் இருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. திருநாளில் கூட்டம் கூடும், கூட்டம் கூடினால் கடை விழும். கல்பாத்தித் தேருக்குப் போனவனுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆக அவனுக்குச் சொல்ல வேண்டியது: ‘ஃபேர் என்பது கடைகளும் விளையாட்டுகளும் போட்டு ஜனங்கள் கூடுகிற இடம், இன்னொரு ஃபேர் இருக்கிறது, யாருக்கும் அதிகமும் குறைவும் இல்லாமல் நடந்துகொள்வது, இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை.’ பஸ் டிக்கெட் காசைச் சொல்லும் ‘ஃபேர்’ எழுத்திலேயே வேறு, அதை இதோடு சேர்த்துக் குழப்பாதீர்கள்.

இதற்கு எதிர்ப்புறத்தில், ஒரே வார்த்தை பல இடங்களில் பல வேஷத்தில் வருவதும் உண்டு. அதற்கு நான் எப்போதும் எடுக்கிற உதாரணம் ‘சார்ஜ்’, ஏனென்றால் அதன் அர்த்தங்களில் பாதிக்குமேல் இங்கிலீஷே தெரியாத நம் வீட்டுப் பாட்டிகளுக்கும் தெரியும். போனுக்குச் சார்ஜ் போடுகிறோம். பொள்ளாச்சிக்குப் பஸ் சார்ஜ் ஏறிவிட்டது என்கிறோம். புது எஸ்.ஐ. சார்ஜ் எடுத்தார், போலீஸ் சார்ஜ் ஷீட் போட்டது, ஊர்வலத்தில் லத்தி சார்ஜ், ஆஸ்பத்திரியில் இருந்து டிஸ்சார்ஜ். இவற்றைத் தமிழில் பெயர்த்தால் மின்னேற்றம், கட்டணம், பொறுப்பு, குற்றச்சாட்டு, தடியடி என்று ஒன்றோடு ஒன்று ஒட்டாத சொற்கள் வரிசையாக நிற்கும், பிள்ளை மிரண்டுவிடுவான். ஆனால் வார்த்தை பிறந்த இடம் ஒன்றுதான்: வண்டியில் பாரம் ஏற்றுவது. லத்தீனில் வண்டிக்கு இருந்த சொல்லில் இருந்து பிரெஞ்சுக்குப் போய், ‘பாரம் ஏற்று’ என்ற பொருளோடு இங்கிலீஷுக்கு வந்தது. நாம் ஓட்டும் ‘கார்’, லாரியில் போகும் ‘கார்கோ’ எல்லாம் அதே குடும்பம். பேட்டரியில் மின்சாரத்தை ஏற்றுகிறோம், வாங்குபவர் மேல் விலையை ஏற்றுகிறோம், அதிகாரி தோளில் பொறுப்பை ஏற்றுகிறோம், குற்றவாளி என்று சந்தேகப்படுபவர் மேல் குற்றத்தை ஏற்றுகிறோம், ஏற்றினதை இறக்கி அனுப்பினால் டிஸ்சார்ஜ். இந்த ஒரு ‘ஏற்று’ கையில் கிடைத்துவிட்டால் ஐந்து அர்த்தம் ஒரே கயிற்றில் வந்துவிடும். லத்தி சார்ஜ் மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. கூட்டத்தின் மேல் பாரமாகப் போய் விழுவது என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளுக்கு நினைவில் நிற்கிறது, ஆனால் அந்த அர்த்தம் அப்படித்தான் பிறந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன், அதை நினைவு வைக்க ஒரு உபாயமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வேரைத் தெரிந்துகொண்டாலும், வரியில் எது நிற்கிறது என்று கண்டுபிடிக்கப் பக்கத்து வார்த்தைகளைத்தான் பார்க்க வேண்டும். ‘ஷீ சார்ஜ்டு தி போன்’ என்றால் பின்னால் போன் நிற்கிறது, மின்சாரம். ‘ஷீ சார்ஜ்டு அஸ் டென் ருபீஸ்’ என்றால் பின்னால் ஆளும் காசும் நிற்கிறது, பணம் கேட்டாள். ‘ஷீ இஸ் இன் சார்ஜ் ஆஃப் தி லைப்ரரி’ என்றால் முன்னால் ‘இன்’, பின்னால் ‘ஆஃப்’, பொறுப்பு. தம்பியிடம் நோட்டில் வார்த்தைக்கு எதிரே அர்த்தம் எழுதும் பழக்கத்தை விடச் சொல்லுங்கள். வார்த்தையோடு கூட வருகிற இரண்டு மூன்று வார்த்தைகளையும் சேர்த்தே எழுதட்டும், ஒவ்வொரு கூட்டுக்கும் எதிரே ஒரு தமிழ் வரி. ‘சேங்க்ஷன்’ மாதிரி வார்த்தைகளுக்கு இதைத் தவிர வேறு வழியே இல்லை. லோன் சேங்க்ஷன் ஆனால் அனுமதி கிடைத்தது, ஒரு நாட்டின் மேல் சேங்க்ஷன் என்றால் தடை விழுந்தது. ஒன்றுக்கொன்று நேர் எதிர். இரண்டும் சட்டம் போடுவது என்ற ஒரே லத்தீன் வேரில் இருந்து வந்தவைதான், சட்டம் சிலதை அனுமதிக்கும், சிலதைத் தண்டிக்கும். ஆனால் ஏழாம் வகுப்புக்கு அந்த வேரைவிட, பக்கத்தில் லோன் நிற்கிறதா நாடு நிற்கிறதா என்று பார்ப்பதே பலன் தரும்.

வேர் தேடும் வேலையில் ஒரு ஆபத்து இருக்கிறது. ‘சார்ஜ்’ கதையைக் கேட்டுவிட்டுப் பிள்ளைகள் எல்லா வார்த்தைக்கும் சம்பந்தம் கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். ‘டேட்’ என்றால் தேதி, ‘டேட்’ என்றால் பேரீச்சம்பழம். முதலாவது ‘கொடுக்கப்பட்டது’ என்ற லத்தீன் சொல், அந்தக் காலக் கடிதங்களில் இன்ன நாளில் கொடுத்தது என்று எழுதும் வழக்கத்தில் இருந்து வந்தது. இரண்டாவது விரல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லோடு போய்ச் சேர்கிறது. சம்பந்தமே கிடையாது. ‘லைட்’ என்றால் வெளிச்சம், ‘லைட்’ என்றால் கனமில்லாதது, இதுவும் அப்படியே, ஆதியிலேயே இரண்டு சொற்கள், காலப்போக்கில் உருவம் தேய்ந்து ஒன்றாகிவிட்டன. தீக்குச்சி ‘மேட்ச்’ விளக்குத் திரியில் இருந்து வந்தது, ஜோடி சேரும் ‘மேட்ச்’ வேறு வழியாக வந்தது. நாய் குரைக்கும் ‘பார்க்’, மரப்பட்டை ‘பார்க்’ இரண்டும் வேறு வேறு. இவற்றை ‘இது தனி, அது தனி’ என்று சொல்லி நகர்ந்துவிடுவதே நல்லது. ஆனால் எது ஒரே வார்த்தை, எது இரண்டு என்ற கோடும் எல்லா இடத்திலும் அழுத்தமாக இல்லை. ஆற்றங்கரை ‘பேங்க்’, பணம் போடும் ‘பேங்க்’ இரண்டையும் அகராதிகள் தனித்தனி வார்த்தையாகத்தான் போடுகின்றன. பணத்தின் ‘பேங்க்’ இத்தாலியில் காசு மாற்றுபவர்கள் போட்டு உட்கார்ந்த பலகைக்கு இருந்த பெயர். ஆனால் அந்த இத்தாலிச் சொல்லையும் பின்னால் தோண்டிக்கொண்டு போனால் அதுவும் ஆற்றங்கரையும், உங்கள் பையன் உட்காரும் ‘பெஞ்சு’ம்கூட, ஒரே பழைய ஜெர்மானிய வேரில் சேர்கின்றன. இதையெல்லாம் பெரியவர்கள் நாம் ரசித்துப் படிக்கலாம். பிள்ளைக்கு இன்றைக்கு அவை இரண்டு வார்த்தை, அவ்வளவு போதும்.

எளிமையாக விளக்குவது எப்படி என்பதற்கு அகராதிக்காரர்களே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள், அதை அப்படியே வீட்டில் எடுத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன வெஸ்ட் 1935இல் கொண்டுவந்த மாணவர் அகராதியில், எல்லா விளக்கத்தையும் 1490 எளிய வார்த்தைகளுக்குள்ளேயே எழுதினார். 1978இல் வந்த லாங்மன் மாணவர் அகராதி சுமார் 2000 வார்த்தைகளுக்குள் எழுதியது. விளக்கம், விளக்கப்படும் வார்த்தையைவிடக் கஷ்டமாக இருக்கக் கூடாது என்ற இந்த ஒரு கட்டுப்பாடுதான் எல்லாவற்றிலும் முக்கியம். நம் கையேடுகளில் இதுதான் இல்லை. ‘ஃபேர்’ என்பதற்கு ‘பாரபட்சமற்ற’ என்று போட்டிருக்கும், பையனுக்கு இப்போது இரண்டு வார்த்தை புரியாது. 1987இல் வந்த கோபில்டு அகராதி இன்னொரு படி போய், விளக்கத்தை முழு வாக்கியமாகவே எழுதியது. தமிழில் அதற்கு ஒப்பாகச் சொன்னால்: ‘ஒருவர் உங்களிடம் சார்ஜ் செய்தால், தான் கொடுத்த பொருளுக்கோ செய்த வேலைக்கோ பணம் கேட்கிறார் என்று அர்த்தம்.’ இதில் யார், யாரிடம், எதற்கு என்று எல்லாமே வந்துவிடுகிறது. வீட்டில் நீங்களும் ‘அப்படியென்றால்’ என்று தொடங்கி ஒரு முழு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள், ஒற்றைச் சொல்லாக எறிவதைவிட அது தங்கும்.

ஒற்றைத் தமிழ்ச் சொல் போதாது என்பதற்கு ‘ஸ்பிரிங்’ நல்ல சாட்சி. பேனாவுக்குள் இருக்கிற ஸ்பிரிங் பையனுக்குத் தெரியும். மூல வினை ‘துள்ளு’ என்பதுதான், அழுத்தினால் துள்ளும் கம்பி, தரையில் இருந்து துள்ளி வரும் ஊற்று, மரத்தில் துளிர் துள்ளிக் கிளம்பும் பருவம், எல்லாம் ஒரே வார்த்தை. அந்தப் பருவத்துக்கு அகராதி ‘இளவேனில்’ என்று கொடுக்கும். நம் கணக்கில் இளவேனில் சித்திரையும் வைகாசியும், பாலக்காட்டுக் கணவாயில் அப்போது அனல் அடிக்கும், கிணறு வற்றும். இங்கிலாந்தில் அது மார்ச் முதல் மே வரை, குளிர் விலகி மொட்டை மரங்கள் துளிர்க்கும் நேரம், வெயில் வந்துவிட்டதே என்று சந்தோஷப்படும் நேரம். கதையில் ‘ஸ்பிரிங்’ வந்ததும் எல்லோரும் கோட்டைக் கழற்றிவிட்டு வெளியே ஓடுகிறார்கள் என்றால் ஏன் என்று நம் பையனுக்குப் புரிய வேண்டாமா? ‘குளிர் நாட்டில் பனி போய் மரம் துளிர்க்கிற காலம்’ என்று நீட்டிச் சொன்னால்தான் புரியும்.

‘சார்ஜ்’ மாதிரி நமக்கு ஏற்கெனவே தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகளில் இருந்து தொடங்குவது நல்லதுதான், ஆனால் அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நம் வாயில் புழங்கும்போது சில வார்த்தைகள் சுருங்கிப்போயிருக்கின்றன. கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டினால் ‘மீல்ஸ் ரெடி’ பலகையைப் பார்க்கலாம், அங்கே மீல்ஸ் என்றால் மதியச் சோறு, சாம்பார், பொரியல். இங்கிலீஷில் காலை இட்லியும் ஒரு ‘மீல்’தான். ‘ஹோட்டல்’ நமக்குச் சாப்பிடும் இடம், அங்கே முக்கியமாக அறை எடுத்துத் தங்கும் இடம். ‘இஷ்யூ’ என்றால் இன்றைக்கு எல்லோருக்கும் பிரச்சினை, ஆனால் பத்திரிகையின் இந்த மாத இதழும் ‘இஷ்யூ’, ரேஷனில் அரிசி கொடுப்பதும் ‘இஷ்யூ’, பத்திரங்களில் ‘நோ இஷ்யூ’ என்று இருந்தால் பிள்ளை இல்லை, வாரிசு இல்லை என்று பொருள். வெளியே வருவது என்பதுதான் அதன் அடி. வீட்டுச் சொத்துப் பத்திரத்தில் அதைப் பிரச்சினை இல்லை என்று படித்துவிட்டால் பெரிய வில்லங்கம்.

அகராதி வாங்குவது பற்றிக் கேட்டீர்கள். இங்கிலீஷ்–இங்கிலீஷ்–தமிழ் என்று மூன்றும் சேர்ந்ததாக, எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், பொள்ளாச்சியிலோ பாலக்காட்டிலோ புத்தகக் கடையில் கேட்டால் கிடைக்கும். வாங்கும் முன் ‘சார்ஜ்’ பக்கத்தைப் பிரித்து, வாக்கியம் கொடுத்திருக்கிறார்களா, வெறும் சொற்களை அடுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். அடுக்கியிருந்தால் வைத்துவிடுங்கள். 1960களில் வந்த சென்னைப் பல்கலைக்கழக ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் அருமையான உழைப்பு, ஆனால் அது மொழிபெயர்ப்பவர்களுக்கு உதவும், ஏழாம் வகுப்புக்கு இல்லை. போன் இருந்தால் லாங்மன், கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதிகள் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. மாணவர் அகராதிகளில் பெரும்பாலும் அதிகம் புழங்கும் அர்த்தம்தான் முதலில் வரும், ஆனால் மெரியம்-வெப்ஸ்டர் மாதிரி சில அகராதிகள் பழைய அர்த்தத்தை முதலில் போடும், அங்கே முதல் எண்ணைப் பிடித்துக்கொண்டால் தப்பாகிவிடும்.

இந்த முறை எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்று சொல்ல மாட்டேன். கதை பிடிக்கிற பிள்ளைகள் வேரைச் சொன்னால் பற்றிக்கொள்வார்கள், மற்றவர்களுக்கு நாலு வாக்கியம் அதிகம் கொடுத்தால் போதும், வேரே வேண்டாம். எழுத்துக்கூட்டிப் படிப்பதிலேயே திணறுகிற பிள்ளை என்றால் இது இரண்டாவது வேலை, முதலில் வகுப்பு ஆசிரியரிடம் உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் பையன் ராட்டினம் ஏறும் இடத்தில் நியாயம் பொருந்தவில்லை என்று தானே நின்று கேட்டிருக்கிறான், அவனுக்குப் படிப்பதில் குறை ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. அடுத்த முறை மாட்டிக்கொள்ளும் வார்த்தையை இங்கே போடும்போது, அது வந்த முழு வரியையும் அதற்கு முன்னால் உள்ள வரியையும் சேர்த்துப் போடுங்கள், வார்த்தையை மட்டும் போட்டால் என்னாலும் சரியான அர்த்தம் சொல்ல முடியாது.